மூன்று தட்டு

ஆகஸ்ட் 10, சனி

படம் யூடியூபில் ஏறிவிட்டது. ஒன்பது மணிக்கே எல்லாம் தயார். ஸ்டுடியோ முதலாளி, "ராகுகாலம் முடியட்டும்டே" என்றதால் பத்தரை வரை பொறுத்திருந்தேன். உப்புக்கு அடியில் பல்லாயிரம் வருடம் தூங்கின ஜந்துவுக்கும் ராகுகாலம் பார்க்கிற ஊர் எங்கள் தூத்துக்குடி.

'ஒன்பதாம் பாத்தி.' பதினேழு நிமிடம். உப்பளத்தில் ஒன்பதாம் பாத்தியை ஆழப்படுத்தும்போது அடியிலிருந்து அது எழுந்து வருகிறது. ஆராய்ச்சிக்கு வந்த பெண்ணைத் துரத்துகிறது. கடைசியில் வெயிலில் கிடந்து உப்போடு உப்பாகக் காய்ந்து சாகிறது. கதை என்று சொன்னால் இவ்வளவுதான். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டியே எட்டு வருடம் ஓட்டிய டைட்டஸ் என்கிற நான் எடுத்த முதல் படம். மே மாதக் கத்திரி வெயிலில் மூன்று நாள் எடுத்தோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம், அதனால்தான் எடிட்டிங் முடிந்தது.

மாலை ஆறு மணி வரை பார்த்தவர்கள் 212. அதில் முப்பது நானேதான்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கருத்துகள் வர ஆரம்பித்துவிட்டன. நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"சைக்கிள் டியூப சுத்திக்கிட்டு வந்து பயமுறுத்துறானுங்க." சரிதான். பதினெட்டு டியூப். மிச்சம் சோபாவுக்குப் போடுகிற ஃபோம்.

"நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். செறிந்த உப்பில் இவ்வளவு பெரிய உயிரினம் வாழ வாய்ப்பில்லை. இயக்குநர் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்."

"ஹீரோயின் ஓவர் ஆக்டிங். ஜந்துதான் அளவா பண்ணிருக்கு."

"14:20. அந்த மூணு தட்டு. புல்லரிச்சிருச்சு."

கடைசியை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் மாற்றினேன். இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

14:20 என்பது ஜந்து சாகிற இடம். உப்பின் மேல் குப்புறக் கிடக்கிறது. வலது கையைத் தூக்கித் தரையில் தட்டுகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்குக் கை பாதி எழும்பி அப்படியே விழுந்துவிடுகிறது. பின்னணி இசை வைக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

இன்று அதைப் பற்றி மட்டும் பதினாறு பேர் எழுதியிருக்கிறார்கள். "அந்தக் கை பாதியில விழுறப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு ரப்பர் பொம்மைக்கு அழுவேன்னு நினைக்கல." இது ஒரு பெண். திருச்சியாம்.

ஜந்துவுக்குள் இருந்தது சுயம்பு அண்ணன். படத்திலும் பெயர் போட்டிருக்கிறேன், தனி அட்டையாக: 'ஜந்துவாக – சுயம்புலிங்கம்.' கல்யாண மண்டப வாசலில் கரடி வேஷம் போட்டுக் குழந்தைகளுக்குக் கை கொடுப்பவர். பதினான்கு வருடம் கரடி. எங்கள் ஸ்டுடியோ எடுத்த கல்யாணங்களில் பாதியில் அந்தக் கரடி இருக்கும். ஆல்பத்தில் மாப்பிள்ளையை விட நன்றாக விழுந்திருக்கும்.

அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறன்று போகலாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். பார்த்தவர்கள் நாற்பத்தோராயிரம். யாரோ ஒரு திரைப்படப் பக்கத்தில் அந்தத் தட்டை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஆளுக்கொரு விளக்கம். மூன்று தட்டு என்றால் நிலம், நீர், காற்று. மூன்றையும் மனிதன் கெடுத்துவிட்டான் என்று ஜந்து முறையிடுகிறது. இல்லை, அடியில் இன்னும் மூன்று முட்டை இருக்கிறது, அவற்றைத் தட்டி எழுப்புகிறது. இல்லை, மூன்றாவது தட்டு முழுமையாகாததால் இரண்டாம் பாகம் நிச்சயம். ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, "இயக்குநர் ஆழமான ஆள்" என்று முடித்திருக்கிறார்.

வேதியியல் ஆசிரியர் மறுபடி வந்திருந்தார். "மூன்று தட்டுக்கு அர்த்தம் தேடுவோர், முதலில் உப்புக்கு அர்த்தம் சொல்லவும்."

ஒரு கருத்தை மட்டும் நீக்கிவிட்டேன். "ஏம்ப்பா, யாராவது அதுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்களேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படத்துக்குச் சம்பந்தமில்லாதது. திட்டினவர்களை எல்லாம் விட்டு வைத்திருக்கிறேன், அதனால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இன்று பாளையங்கோட்டை ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். ஆகவே அண்ணன் வீட்டுக்குப் போக முடியவில்லை.

வாசலில் ஒரு யானை நின்றது. அண்ணன் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள். நான் வரவேற்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணின் தோளுக்குப் பின்னால், யானை தன் தொடையில் மூன்று தட்டு தட்டியது. தட்டின மாத்திரத்தில், பூ கட்டிக்கொண்டிருந்த ஆள் நூலை வாயில் கவ்வியபடியே ஓடி வந்து முதுகு ஜிப்பைக் கீழே இழுத்தான். யானைத் தலை கழன்றது. உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மறுபடி யானையாகிவிட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

வேஷத்துக்குள் இருக்கிறவன் கத்தினால் வெளியே கேட்காது. ஃபோம் சத்தத்தை விழுங்கிவிடும், போதாததற்கு நாதஸ்வரம். அதனால் மூன்று தட்டு. அதற்கு அர்த்தம் 'திற'. மண்டபத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும், பந்தி பரிமாறுகிறவர்களுக்கும், பூக்காரருக்கும், மைக் செட்காரருக்கும், எங்களுக்கும் தெரியும். அருகில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுத் திறந்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. நானே பத்துப் பதினைந்து தடவை சுயம்பு அண்ணனுக்கு ஜிப் திறந்திருக்கிறேன்.

முகூர்த்த நேரத்தில் கொஞ்சம் காட்சி தவறிவிட்டது. கவனம் இல்லை. முதலாளி திட்டினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எழுதிவிட்டேன் என்பதால் மிச்சத்தையும் எழுதி வைக்கிறேன்.

படப்பிடிப்பின் மூன்றாம் நாள் அண்ணனுக்கு வெயில் தாக்கியது. ஜந்து உடைக்கும் முதுகில் ஜிப் உண்டு. ஆனால் ஜிப் கேமராவில் தெரிந்தது. பல்லாயிரம் வருடத்து ஜந்துவுக்கு ஜிப் இருக்கலாமா? அதனால் அதன் மேல் ரப்பர் சொல்யூஷன் தடவி, உப்புக்கல்லை ஒட்டி மறைத்திருந்தோம். ஒட்டிக் காய்வதற்கு மூன்று மணி நேரம். பிரிக்க பிளேடு வைத்துக் கிழிக்க வேண்டியிருந்தது. அதில் நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். சிறுநீரகம் கொஞ்சம் பாதித்திருக்கிறது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். கனி மதினி, அண்ணனுடைய மனைவி, வராண்டாவில் நின்றார். "அவிய தட்டலையா தம்பி?" என்று கேட்டார். உப்பளத்து வெயில் கண்ணைக் கூசும், எதிரே இருப்பதே தெரியாது, நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். உப்பளத்தில் கண் கூசும் என்பது உண்மை.

ஆகஸ்ட் 21, புதன்

இசக்கிக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. படத்துக்குக் கேமரா அவள்தான். எங்கள் ஸ்டுடியோவில் நான்கு வருடம் போட்டோ எடுத்தாள், ஜூன் மாதம் நின்றுவிட்டு நெல்லைக்குப் போய்விட்டாள். ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவளுடைய ஒளிப்பதிவையும் பாராட்டியிருக்கிறார்கள். "வெள்ளை உப்புல வெள்ளை வெயில், வேற கிரகம் மாதிரி இருக்கு."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குக் கிளம்பி, பழக்கடையில் மாதுளை வாங்கிக்கொண்டு நின்றபோது சென்னையிலிருந்து போன். ஒரு இணையச் சேனல். நேர்காணல் உடனே வேண்டுமாம். திரும்பி வந்துவிட்டேன். மாதுளையை நானே தின்றேன்.

நாற்பது நிமிடம் பேசினோம். அந்தப் பையன் நன்றாகப் பேசுகிறான், எனக்கும் நாக்கு நன்றாகச் சுழன்றது. ஃபோம், டியூப், உப்புக்கல் எல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டான்.

"சார், எல்லாரும் கேக்குறது அந்த மூணு தட்டுதான். அது ஸ்கிரிப்ட்லயே இருந்துச்சா, இல்ல நடிகர் ஸ்பாட்ல பண்ணதா?"

"ஸ்கிரிப்ட்ல இருந்துச்சு" என்றேன்.

"அர்த்தம்?"

"அத பாக்குறவங்ககிட்டயே விட்டுடுறேன்."

"சூப்பர் சார்."

அவனுக்குத் தெரிந்த தயாரிப்பாளர் ஒருவர் என்னைப் பார்க்க விரும்புகிறாராம். இரண்டு மணி நேரப் படம், அதே ஜந்து, அதே ஆள், அதே தட்டு. அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். "பரவால்ல சார், வேற ஆள வச்சுக்கலாம், உள்ளதான இருக்கப் போறாரு" என்றான்.

எட்டு வருடமாக இந்த ஒரு போனுக்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நேர்காணல் வெளியானது. கொஞ்ச நேரத்தில் இசக்கியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.

"ஸ்கிரிப்ட்ல எந்தப் பக்கம்ணே இருந்துச்சு? கேமராவுல மைக் ஆன்ல இருந்தது மறந்துபோச்சா. நீங்க பாத்த ஹார்ட் டிஸ்க்லயேதான் இருக்கு."

போனைச் சார்ஜில் போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மஞ்சள் நீராட்டு விழா ஒன்று எடிட் செய்தேன். ஆறு மணி நேரக் காட்சி. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. எடிட் செய்தபோது எத்தனை தடவை பார்த்திருப்பேன். அப்போது ஒலியை நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான்.

படத்தில் இருப்பது மூன்று தட்டு. எடுத்ததில் இருப்பது பன்னிரண்டு. மூன்று மூன்றாக நான்கு தடவை.

முதல் மூன்றில் அண்ணன் பலமாகத் தட்டுகிறார். மண்டபத்தில் தட்டுவது போலவே, கணக்காக. தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. இரண்டாவது மூன்றில் தலையைக் கேமரா பக்கம் திருப்பப் பார்க்கிறார். மூன்றாவதில் அவசரம். நான்காவதில்தான் அந்தக் கை பாதியில் விழுகிறது. திருச்சிப் பெண் அழுத இடம். அதுதான் நன்றாக இருந்தது, அதைத்தான் வைத்துக்கொண்டேன். மற்ற ஒன்பதும் இழுவையாக இருந்ததால் வெட்டினேன்.

முதல் தட்டிலிருந்து நான் 'கட்' சொன்னது வரை ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடி.

ஒலியையும் எழுதிவிடுகிறேன். முதல் மூன்று தட்டிலேயே இசக்கி, "அண்ணே, தட்டுதாவ" என்கிறாள். என் குரல், "தெரியுது. விடு. நல்லா வருது" என்கிறது.

என் குரல் அவ்வளவு நிதானமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஞாயிறு போவது என்று முடிவு செய்துவிட்டேன். லேப்டாப்பில் அந்தக் காட்சியை ஏற்றி வைத்திருக்கிறேன். சொல்வதற்கு வாய் வராது, காட்டிவிடலாம். முழுக்க வேண்டாம், கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். லேப்டாப் பேட்டரி அதிக நேரம் நிற்பதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

போனேன்.

அண்ணன் வீடு மட்டக்கடைப் பக்கம், ஓட்டு வீடு. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். வெயில் படக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அண்ணன் பாதி ஆளாகியிருந்தார். கால் மட்டும் வீங்கியிருந்தது. கட்டில் அருகே ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் தண்ணீர், அதில் பேனாவால் கோடுகள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாமாம். காலை, மதியம், சாயந்திரம் என்று மதினி கோடு போட்டு வைத்திருக்கிறார்.

"வா தம்பி. பெரிய ஆளாயிட்டே, இனிம எங்கள எல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுது" என்று சிரித்தார். கோபமே இல்லை.

"தெனமும் அத வாசிச்சிக் காட்டணும் இவியளுக்கு" என்றார் மதினி. "காலையில எந்திச்சதும் இன்னைக்கு எத்தன பேரு எழுதிருக்கான்னுதான் மொதக் கேள்வி."

"ஒரு வாத்தியாரு எழுதுதாரு பாரு, உப்புல உயிரு இருக்காதுன்னு" என்றார் அண்ணன். "சரியான ஆளு. நான் போட்ட கரடியப் பாத்து எந்த வாத்தியாராவது ஒரு வார்த்த சொல்லிருப்பானா? இப்ப என்னையப் பத்தி சண்ட போடுதானுவ."

மதினி போனை என் கையில் கொடுத்தார். ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்கு அந்த நடிகர் நிஜமாவே கஷ்டப்படுற மாதிரி தெரியுது. இயக்குநர் கவனிச்சாரா?" நான் பார்க்காமல் விட்ட கருத்து. அதற்குக் கீழே முத்துக்கனி சுயம்பு என்ற பெயரில் ஒரு பதில்: "அவர் என் கணவர். டைரக்டர் தம்பி தங்கமானவர். உப்பு வெயிலில் கண் கூசி அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் விட்டிருக்க மாட்டார். தப்பாகப் பேச வேண்டாம்."

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் அண்ணன். "எத்தன தடவ எனக்கு ஜிப்பத் தொறந்துவிட்டிருக்க. பாத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டியா நீ."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. லேப்டாப்பை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். "ஒண்ணு காட்டணும்ணே" என்றேன். மதினியும் பின்னால் வந்து நின்றார். ஓடவிட்டேன்.

திரையில் ஜந்து தட்டியது. மூன்று. இசக்கியின் குரல்: "அண்ணே, மறுபடி தட்டுதாவ. கட் சொல்லுங்க." என் குரல்: "பிரிச்சா மறுபடி ஒட்ட மூணு மணி நேரம் ஆவும், வெளிச்சம் போயிரும். இன்னும் ஒரு தடவ தட்டட்டும்."

அண்ணன் முகத்தில் எதுவும் மாறவில்லை. கையை நீட்டிக் கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினார். மூன்று தட்டு.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். ஒரு விநாடி கூட ஆகியிருக்காது.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று மறுபடியும் சொன்னேன்.

"எடுத்துராத" என்றார் அண்ணன். குரல் மெதுவாக வந்தது. "பதினாலு வருசம் கரடி. எந்த ஆல்பத்துலயும் என் பேரு கெடையாது. அதுல ஒண்ணுலதான் இருக்கு. அதயும் எடுத்துராத."

பிறகு தண்ணீர் கேட்டார். மதினி பாட்டிலைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தார். சாயந்திரக் கோட்டுக்கு மேல் இரண்டு மடக்குதான் இருந்தது. அதைக் கொடுத்தார். அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொண்டார்.

"சரி, போ" என்றார். எத்தனையோ கல்யாணம் முடிந்து பிரியும்போது 'போயிட்டு வா தம்பி' என்று சொன்ன மனிதர். இன்று 'போ' மட்டும்தான்.

செருப்பு மாட்டும்போது மதினி வாசலுக்கு வந்தார். "தம்பி, அந்தப் பிள்ள 'மறுபடி தட்டுதாவ'ன்னு சொல்லுச்சே. அப்ப இது மொதத் தட்டு இல்லியா?"

நான் எடிட்டர். எட்டு வருடமாக வெட்டுகிறேன். 'மறுபடி' என்ற ஒரு வார்த்தையை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

"மொதல்ல ஒண்ணு லேசா தட்டிருப்பாரு போல மதினி. அது நான் பாக்கல" என்றேன்.

மதினி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

உண்மையைச் சொல்லப் போய், அங்கேயும் வெட்டி எடுத்துக்கொண்டு போனவனை என்னவென்று சொல்வது. பேட்டரி என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. முதல் ஆறு தட்டையும் வெட்டினேன். 'தெரியுது, விடு, நல்லா வருது' என்று நான் சொன்ன இடத்தை வெட்டினேன். கடைசியில்தான் கவனித்தேன், அந்த ஒரு தடவைதான் விட்டுவிட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் போதும் என்று இருந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

படத்துக்குக் கீழே, எல்லாக் கருத்துக்கும் மேலே நிற்கும்படி எழுதிப் போட்டேன்.

"14:20இல் வரும் மூன்று தட்டு நடிப்பு இல்லை. ஸ்கிரிப்ட்டில் இல்லை. வேஷத்துக்குள் இருக்கிறவர் 'என்னைத் திற' என்று கேட்கிற அடையாளம் அது. சுயம்புலிங்கம் அண்ணன் மூச்சு முட்டிக் கேட்டார். நான் பார்த்தேன். காட்சி நன்றாக வருகிறது என்று நிறுத்தவில்லை. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. நேர்காணலில் நான் சொன்னது பொய். – டைட்டஸ்."

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இனி ஊரே காறித் துப்பும் என்று காத்திருந்தேன். துப்பினால் தேவலை போல இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

"செம புரொமோஷன் தலைவா. ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

"இதுவும் கதையோட பகுதிதானே? ஜந்துவுக்குள்ள மனுஷன், மனுஷனுக்குள்ள ஜந்து. வேற லெவல்."

"இத படிச்சிட்டு மறுபடி 14:20 பாருங்க. பயம் டபுள் ஆகுது."

"பார்ட் 2 எப்போ?"

மூன்று லட்சத்து எண்பதாயிரம். ஒரே நாளில் ஒரு லட்சம் ஏறியிருக்கிறது. சென்னைப் பையன் போன் செய்து, "சார், அந்தப் பின் பண்ண கமெண்ட் பிரமாதம், தயாரிப்பாளர் அசந்துட்டாரு, இதையே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றான். அது உண்மை என்றேன். "கரெக்ட் சார், இப்படியேதான் சொல்லணும்" என்றான். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அவன் அதையும் என்னவென்று எடுத்துக்கொண்டானோ.

வேதியியல் ஆசிரியர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "இது விளம்பரம் என்றால் கேவலம். உண்மை என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் அவர் வீட்டுக்குப் போய்ப் பணிவிடை செய்யவும்." அதை இருபது தடவை படித்தேன். நூற்றுக்கணக்கான பேரில் அவர் ஒருவர்தான் உண்மையாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

இசக்கி ஒரு வரி அனுப்பினாள். "நானும்தான் கேமராவ விட்டுட்டு ஓடலண்ணே." அவள் இரண்டு தடவை சொன்னாள், நான் விடு என்றேன். அதை எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டே போனைப் பார்த்தேன். இரவு வந்த கருத்துகளுக்கு நடுவே ஒன்று.

முத்துக்கனி சுயம்பு: "எத்தனாவது தட்டில் பார்த்தீர்கள்?"

அதற்குக் கீழே அதற்குள் ஏழு பேர் பதில் எழுதியிருந்தார்கள். "நல்ல கேள்வி." "டைரக்டர் பதில் சொல்ல மாட்டாரு, அதான் சஸ்பென்ஸ்." "அக்காவும் டீம்ல இருக்காங்க போல."

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். எழுதினேன்:

"முதல் தட்டிலேயே, மதினி. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் சொன்னது பொய். மொத்தம் பன்னிரண்டு தட்டு. முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்."

மத்தியானத்துக்குள் அதற்கு நானூறு பேர் விருப்பம் போட்டுவிட்டார்கள். பாதிப்பேர் கைதட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள்.

சாயந்திரம் பார்த்தபோது, 'டைரக்டர் தம்பி தங்கமானவர்' என்று மதினி முன்பு எழுதியிருந்த பதில் அங்கே இல்லை.